கூட்டு ஆலை வழக்கில் ஆடிட்டர் எதற்கு?

மன்னார்குடி அரிசி ஆலையில் உங்கள் மைத்துனர் மூன்று ஆண்டுகளாக நட்டம் என்கிறார், பேரேட்டையும் காட்டவில்லை. வக்கீல் ஆடிட்டரைப் பார்க்கச் சொல்கிறார், எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள் ஐயா.

1932 ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், 12ஆவது பிரிவு: ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால், கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகலெடுக்கவும் பங்குதாரருக்கு உரிமை உண்டு. நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை, எழுத்தில் கேளுங்கள்.

நல்ல ஆடிட்டர் பேரேட்டோடு நிற்கமாட்டார். 100 கிலோ நெல்லுக்கு ஏறத்தாழ 67 கிலோ அரிசி வரவேண்டும். நெல் கொள்முதல், அரிசி, தவிடு விற்பனை, வங்கிக் கணக்கு, மின்கட்டணம் எல்லாவற்றையும் அருகருகே வைப்பார். மின்சாரம் குறையாமல் அரிசி மட்டும் குறைந்திருந்தால், ஏன் என்ற கேள்வி எழும். குறுக்கு விசாரணைக்கு வக்கீலுக்கு அதுதான் விதைநெல்.

உங்கள் வரிக்கணக்கை எழுதுபவரையே நிபுணர் சாட்சியாக நிறுத்தாதீர்கள். உங்கள் ஆள் என்று எதிர்த்தரப்பு எளிதில் தள்ளிவிடும். கணக்கை ஆராய ஆணையரை நியமிக்கும்படி நீதிமன்றத்தையும் கேட்கலாம். இது குடும்பத்துக்குள் நடக்கும் வழக்கு என்பதால், நடுநிலையானவர் சொன்னால் மைத்துனரும் சமரசத்துக்கு இறங்கிவரக்கூடும். இப்போதைக்கு ஆலையின் பழைய மின்கட்டண ரசீதுகளைத் திரட்டுங்கள்.