மூளையில் சிப் வைத்தால் அப்பாவின் கை நடுக்கம் நிற்குமா?

கேள்வி: சென்னை காசிமேட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு 63 வயது, வலை பழுது பார்க்கும் தொழில். பல வருடங்களாகப் பார்க்கின்சன் நோய். மாத்திரை போட்டால் கை ஓடுகிறது. இரண்டரை மணி நேரத்தில் திரும்பவும் விறைத்துப்போகிறது, நடுங்குகிறது. மூளையில் சிப் வைத்துக்கொண்ட ஒருவர் நினைப்பாலேயே கம்ப்யூட்டரை இயக்குவதை வீடியோவில் பார்த்தோம். அதை அப்பாவுக்கு வைக்க முடியுமா?

பதில்: அது வேறு, அப்பாவுக்குப் பயன்படக்கூடியது வேறு. நியூராலிங்க் நிறுவனத்தின் சிப் மனிதருக்கு முதலில் பொருத்தப்பட்டது 2024 ஜனவரியில். கை கால் செயலிழந்தவர் என்ன செய்ய நினைக்கிறார் என்பதை மூளையின் மேலடுக்கிலிருந்து படித்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் கருவி அது. நடுக்கத்தை நிறுத்துவது அதன் வேலையே இல்லை.

அப்பாவுக்குக் கேட்கவேண்டியது டி.பி.எஸ்., அதாவது ஆழ்மூளைத் தூண்டல். இது புதுசு இல்லை. பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிட் என்ற மருத்துவர் 1987-லேயே இந்த முறையில் நடுக்கத்தைக் கட்டுப்படுத்தினார். 2002-ல் அமெரிக்கா பார்க்கின்சனுக்கு அனுமதி தந்தது.

பார்க்கின்சனில், அசைவுக்கு உதவும் மூளை ரசாயனமான டோபமின் குறையும்போது மூளையின் ஆழத்தில் சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு பகுதியின் செல்கள், தனித்தனியாக இயங்காமல் ஒரே தாளத்தில் துடிக்கத் தொடங்குகின்றன. நொடிக்கு 13 முதல் 30 முறை. அந்தத் தாளம் ஓங்கும்போது உடம்பு விறைக்கிறது, அசைவு மந்தமாகிறது. அங்கே ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றே தடித்த கம்பியை இறக்கி, நொடிக்குச் சுமார் 130 சிறு மின்துடிப்புகள் கொடுத்தால் தாளம் கலைகிறது. பேட்டரி காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் இருக்கும். அந்தத் தாளத்தைத் தானே அளந்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கு 2025-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்திருக்கிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அதற்காகக் காத்திருக்கவோ கடன் வாங்கவோ வேண்டாம். பழைய வகையே பெரும்பாலானவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது.

சரி, அப்பாவுக்குப் பொருந்துமா? மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் எதெல்லாம் சரியாகிறதோ, அதைத்தான் இந்தக் கருவி நாள் முழுக்க நீட்டித்துத் தரும். மாத்திரைக்கு அடங்காத நடுக்கம் மட்டும் விதிவிலக்கு, அதுவும் இதில் குறையலாம். மாத்திரை போட்டால் கை ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. அதே நேரத்தில், மாத்திரை நன்றாக வேலை செய்யும்போதும் தடுமாறி விழுகிறார், மறதி அதிகம், விழுங்கச் சிரமப்படுகிறார் என்றால் கருவி அவற்றைச் சரிசெய்யாது. பேச்சு இன்னும் குழறவும்கூடும். நோய் வளர்வதையும் இது தடுக்காது.

முதலில் இரண்டு வாரம் ஒரு நோட்டில் மாத்திரை நேரம், கை ஓடிய நேரம், விறைத்த நேரம் மூன்றையும் குறியுங்கள். வலை ஊசியைக் கையில் கொடுத்து, மாத்திரைக்கு முன்னும் ஒரு மணி நேரம் கழித்தும் போனில் வீடியோ எடுங்கள். பத்து நிமிட ஓ.பி.யில் டாக்டர் பார்க்க முடியாததை அது காட்டிவிடும். அப்புறம், மீன் குழம்புச் சாப்பாட்டோடு சேர்த்து மாத்திரை போடுகிறாரா? மீனில் உள்ள புரதம், பார்க்கின்சன் மாத்திரையின் முக்கிய மருந்தான லெவோடோபா உள்ளே போவதைத் தடுக்கும். குமட்டல் இல்லையென்றால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போடட்டும். சிலருக்கு இதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

இந்த நோட்டோடு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நரம்பியல் பிரிவுக்குப் போய், லெவோடோபா பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். இரவு மாத்திரையை நிறுத்தி, காலையில் அசைவுகளுக்கு மதிப்பெண் போட்டு, மாத்திரை கொடுத்து மறுபடியும் மதிப்பெண் போடுவார்கள். குறைந்தது 30 சதவீதமாவது தேறினால்தான் பொதுவாக அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். வீட்டில் நீங்களாக மாத்திரையை நிறுத்திப் பார்க்காதீர்கள், உயிருக்கே ஆபத்தாகலாம்.

மூளையில் ரத்தக்கசிவு, கிருமித்தொற்று என்ற அபாயங்கள் குறைவுதான், ஆனால் உண்டு. பொருத்திய பிறகும் மின்அளவைச் சரியாக அமைக்கச் சில மாதங்கள் போய்வர வேண்டும். செலவு பல லட்சம். முதல்வர் காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்கும்போதே, அடுத்த பேட்டரிக்கு யார் பணம் தருவார்கள் என்றும் கேளுங்கள். சாதாரண பேட்டரி மூன்று முதல் ஐந்து வருடத்தில் தீர்ந்துவிடும். சார்ஜ் செய்யும் வகை பல வருடம் கூடுதலாக உழைக்கும், ஆனால் அடிக்கடி சார்ஜ் போட வீட்டில் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும்.

பொருத்திக்கொண்டால் மெட்ரோ ஸ்டேஷன் சோதனை வாசலில் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். முதுகுவலி, மூட்டுவலி என்று பிசியோதெரபிக்குப் போனால் டயாதெர்மி, அதாவது கருவியால் உடம்புக்குள் சூடு ஏற்றும் சிகிச்சை, மட்டும் கூடவே கூடாது. அந்த ஆற்றல் கம்பி வழியாகப் போய் மூளையைச் சுட்டுவிடும்.