வீட்டுப் பக்கத்தில் புதிதாகத் திறந்த மலிவான சுஷிக் கடையை நம்பலாமா?

கேள்வி: டோக்கியோவில் எங்கள் தெருவில் புதிதாக ஒரு சுஷிக் கடை வந்திருக்கிறது. விலை ரொம்பக் குறைவு. பச்சை மீன் ஆயிற்றே, நம்பிப் போகலாமா?

தாராளமாகப் போங்கள், முதல் தடவை மதியமாகப் போங்கள். நான் இருக்கும் நிஷி கசாயிலும் அண்மையில் இப்படி ஒரு கடை திறந்தார்கள். சின்ன கவுன்டர், உள்ளே ஒரே ஒரு சமையல்காரர். மதியச் செட் 1,100 யென்: எட்டு நிகிரி (சின்னச் சோற்றுப் பிடி மேல் மீன் துண்டு), கடற்பாசித் தாளில் சுற்றிய ஒரு சுருள், மிசோ என்ற சோயா விழுதில் செய்த சூப். அதே கடையில் ராத்திரி தனித்தனியாகச் சொல்லிச் சாப்பிட்டால் செலவு எங்கேயோ போய்விடும்.

விலை குறைவாக இருப்பதாலேயே மீன் மட்டம் என்று நினைக்க வேண்டாம். எந்த மீனை நம்பிக் கடை நடத்துகிறார் என்று பாருங்கள். கொழுத்த சூரை வயிற்றுத் துண்டு மலிவாகக் கிடைக்க வழியே இல்லை. மத்தி, கானாங்கெளுத்தி, அஜி போன்றவை இயல்பிலேயே விலை குறைந்தவை, ஆனால் சீக்கிரம் கெடும். அவற்றை நன்றாகக் கொடுக்கிறவர் கெட்டிக்காரர். எனக்கு வந்த அஜித் துண்டு வெள்ளியாக மின்னியது. மேலே துருவிய இஞ்சியும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளும். கவிச்சி துளியும் இல்லை. அந்த ஒரு துண்டிலேயே எனக்குக் கடை மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

அப்புறம் சோறு. என்னைக் கேட்டால் மீனைவிட இதுதான் முக்கியம். வினிகர், உப்பு, சர்க்கரை கலந்த சோறு கைச்சூட்டில் இருக்க வேண்டும். எடுக்கும்போது உதிரக் கூடாது, வாயில் போட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும். ஜில்லென்று இறுகிக் கிடந்தால் எவ்வளவு நல்ல மீனும் வீண்தான்.

பச்சை மீன் பற்றிய பயம் நியாயமானதுதான். கானாங்கெளுத்தி, கணவாய் போன்றவற்றில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். வினிகரும் வசாபி என்ற காரமான பச்சை விழுதும் அதைக் கொல்லாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறைய வைத்தால் செத்துவிடும். அதனால் உறைய வைத்த மீன் என்று கடைக்காரர் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். சால்மனையே ஜப்பானியர்கள் இந்தப் பயத்தால் பெரும்பாலும் பச்சையாகச் சாப்பிடாமல்தான் இருந்தார்கள். 1980களில் நார்வேக்காரர்கள் வளர்ப்பு சால்மனைக் கொண்டுவந்து விற்கத் தொடங்கிய பிறகுதான் அது சுஷியில் ஏறியது.

நாளும் பார்த்துக்கொள்ளுங்கள். டோக்கியோவின் பெரிய மொத்த மீன் சந்தையான தொயோசுவுக்கு ஞாயிறு விடுமுறை, பல புதன்கிழமைகளிலும் மூடியிருக்கும். சந்தை திறந்திருக்கும் நாளில் போவது நல்லது.

வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர்கள் உண்டென்றால் வெள்ளரிக்காய் வைத்த கப்பா மாகி சரி. இனாரியும் (பொரித்த டோஃபு பைக்குள் சோறு) கான்பியோ சுருளும் (காய்ந்த சுரைக்காய்ப் பட்டை வைத்தது) பார்க்கச் சைவமாகத் தெரியும். ஆனால் அந்த டோஃபுவையும் சுரைக்காயையும் வேக வைக்கும் தாஷி என்ற சாற்றில் பெரும்பாலும் கட்சுவோபுஷி இருக்கும். நம் மாசிக்கருவாடு மாதிரி, சூரையைக் காய வைத்துச் செய்வது. மிசோ சூப்பும் அப்படித்தான். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

உட்கார்ந்ததும் "கியோ நோ ஒசுசுமே வா?" என்று கேளுங்கள். இன்றைக்கு எது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் கை காட்டும் மீனில் ஆரம்பியுங்கள். சூரையை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.