தோக்கியா கழற்றிய ஒன்பதாவது அங்கி

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ருமேனியாவின் யாஷ் நகரில் மருத்துவம் படிக்கிறேன். மார்ச் 1 அன்று கூடப் படிக்கும் பெண்கள் என் சட்டையில் சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த நூல் ஒன்றைக் குத்திவிட்டார்கள். புக்கரெஸ்டில் இருக்கும் நண்பனோ, அங்கே ஆண்கள்தான் பெண்களுக்குக் கொடுப்பார்கள் என்கிறான். பிறகு என் பிறந்த தேதியைக் கேட்டார்கள். 26 என்றேன். இரண்டும் ஆறும் எட்டு, மார்ச் 8 உன் 'கிழவி', அன்று வானம் எப்படியோ அப்படித்தான் இந்த வருஷம் உன் குணம் என்றார்கள். அன்று காலையிலிருந்து பனி கொட்டியது!

வீட்டுக்கார அம்மா தோக்கியாக் கிழவியின் கதையைச் சொன்னார். மருமகளைக் கொடுமைப்படுத்திய மாமியார் குளிரில் விறைத்துச் செத்த கதை. வசந்தத்தை வரவேற்க இதுவா கதை? தெருவெல்லாம் நூல் விற்கும் கடைகள் வேறு. இதெல்லாம் இப்போது வெறும் வியாபாரம்தானா? நூலை எப்போது கழற்றவேண்டும்?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

'வசந்தத்தை வரவேற்க இதுவா கதை?' என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தோக்கியா கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. எனக்குப் பிடித்தது கம்பளிக் கதை. கடுங்குளிரில் மருமகளை ஆற்றுக்கு அனுப்புகிறாள் கிழவி. கறுப்புக் கம்பளியை வெள்ளையாகும்வரை துவைத்துக்கொண்டு வரவேண்டும். விரல் வெடித்து ரத்தம் வருகிறது, கறுப்பு போகவில்லை. அந்த வழியாக வந்த ஒருவர் இரங்கி ஒரு பூவைக் கொடுக்கிறார். சில ஊர்களில் அவரை இயேசு என்றே சொல்வார்கள். கம்பளி வெளுத்துவிடுகிறது. பூவோடு வீட்டுக்கு வந்த மருமகளைப் பார்த்த கிழவிக்குக் கம்பளி கண்ணிலேயே படவில்லை. பூ பூத்துவிட்டதா, அப்படியானால் குளிர் போய்விட்டது என்று ஒன்பது ஆட்டுத்தோல் அங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு மந்தையை மலைக்கு ஓட்டுகிறாள். மழை பிடித்துக்கொள்கிறது. நனைந்த தோல் கனக்கிறது. நாளுக்கு ஒன்றாகக் கழற்றி எறிகிறாள். ஒன்பதாவதையும் எறிந்த பிறகு உறைபனி இறங்குகிறது. கிழவியும் மந்தையும் கல்லாகிவிடுகிறார்கள். நீங்கள் இருக்கும், ருமேனியாவின் மால்டோவா பகுதியிலேயே, சியாஹ்லாவ் மலையில், தோக்கியா என்று பெயர் கொண்ட பாறை இருக்கிறது. ஒரு விடுமுறையில் போய்ப் பாருங்கள்.

மாமியார் கொடுமைக்குக் கிடைத்த தண்டனை என்று இதைப் படிக்கலாம். ஆனால் இது ஆடு மேய்த்தவர்களின் கதை. ஒரு பூவை நம்பி மந்தையைச் சீக்கிரமே மலையேற்றிவிட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். தோக்கியா செய்த பிழையை அவர்களில் யாரும் எந்த வருஷமும் செய்துவிடலாம். அதனால்தான் மார்ச் 1 முதல் 9 வரை ஒவ்வொரு நாளையும் ஒரு 'பாபா' என்கிறார்கள் என்று நினைக்கிறேன். பாபா என்றால் அந்த மொழியில் கிழவி. வசந்தத்தைக் கும்பிட்டு அழைக்கிற பாட்டைவிட, அதை அவசரப்பட்டு நம்பாதே என்று சொல்கிற இந்தக் கதை எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

தோக்கியா என்ற பெயர், மார்ச் 1 அன்று கிழக்குத் திருச்சபை நினைவுகூரும் புனித எவ்தோக்கியாவின் பெயர்தான். 19ஆம் நூற்றாண்டில் இவளை டாசியாவின், அதாவது பழங்கால ருமேனிய நிலத்தின், மன்னன் டெசிபாலின் மகளாக்கி, ரோமப் பேரரசன் டிராஜன் துரத்திவந்ததாகவும் ஒரு கதை எழுதினார்கள். அதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. அங்கே கிழவியும் இல்லை, அங்கிகளும் இல்லை.

உங்கள் மார்ச் 8 பனிக்கு வருகிறேன். ருமேனிய அரசு 1919 வரை, இன்றைய நாட்காட்டியைவிட 13 நாள் பின்தங்கிய பழைய ஜூலியன் நாட்காட்டியைத்தான் வைத்திருந்தது. அந்த வருஷம் மார்ச் 31க்கு அடுத்த நாள் ஏப்ரல் 14 ஆனது. திருச்சபை 1924இல் மாறியது. அதற்கு முன் அவர்களுடைய மார்ச் 1, இன்றைய கணக்கில் மார்ச் 14. கிழவி நாட்கள் முடிகிற 9ஆம் தேதி, இன்றைய மார்ச் 22. பகலும் இரவும் சமமாகிற சமயம்! நாட்காட்டி மாறியபோது விழாக்கள் தேதியோடு போய்விட்டன, வெயில் தன் இடத்திலேயே நின்றுவிட்டது. பழைய கணக்குப்படி பார்த்தால் உங்கள் கிழவி மார்ச் 21 அன்று வந்திருப்பாள். அன்று வானம் எப்படி இருந்தது என்று தோழிகளிடம் கேளுங்கள்.

9ஆம் தேதி உங்களுக்கு எட்டு வடிவ ரொட்டி கிடைத்ததா? கடிதத்தில் அதைக் காணோம். அதன் பெயர் முச்சேனிச், தியாகிகள் என்று பொருள். கி.பி. 320இல், இன்றைய துருக்கியில் உள்ள செபாஸ்தே நகரில், கிறிஸ்தவ நம்பிக்கையைக் கைவிட மறுத்த 40 ரோமானியப் படைவீரர்களை உறைந்த ஏரியில் நிறுத்திக் கொன்றார்கள். அவர்களுடைய நாள் அது. அந்த எட்டு, மனித உருவத்தின் சுருக்கம். உங்கள் பக்கத்தில் அதைச் சுட்டுத் தேனும் அக்ரூட்டும் பூசுவார்கள். தெற்கே முந்தேனியாவில் சின்னச் சின்ன எட்டுகளாக வேகவைத்து, பட்டை மணக்கும் சர்க்கரைப் பாகில் மிதக்கவிடுவார்கள். 40 கோப்பை ஒயின் குடிக்கவேண்டும் என்பதும் மரபு. கிராமங்களில் முற்றத்தில் தீ மூட்டி, தடிகளால் தரையை அடிப்பார்கள். குளிர் மண்ணுக்குள் போகவேண்டும், சூடு வெளியே வரவேண்டும். கிழவி விறைத்த அதே நாளில் 40 வீரர்கள் விறைத்ததும் நினைவுகூரப்படுகிறது. அன்றுதான் உழவு வருஷமும் தொடங்கியது.

வியாபாரம் பற்றி: நூலின் பெயர் மர்ட்சிஷோர், குட்டி மார்ச். அதில் முன்பு தொங்கியது ஒரு நாணயம். மாத முடிவில் அந்தக் காசுக்குப் பெண்கள் சிவப்பு ஒயினும் பாலாடைக்கட்டியும் வாங்குவார்கள், முகம் பாலாடைபோல வெளுத்து ஒயின்போலச் சிவக்கவேண்டும் என்று. ஆக, சந்தைக்கும் நூலுக்கும் உறவு புதிதல்ல. நாணயம் போய் இப்போது நாலிலைப் புல்லும் லாடமும் புகைபோக்கி துடைப்பவன் பொம்மையும் தொங்குகின்றன. அவை மாறட்டும். சிவப்பையும் வெள்ளையையும் பிரிக்கமுடியாதபடி திரித்திருப்பது மாறவில்லை, எனக்கு அது போதும். 2017இல் ருமேனியா, பல்கேரியா, வட மாசிடோனியா, மால்டோவா குடியரசு ஆகிய நான்கு நாடுகளின் மார்ச் 1 வழக்கங்களையும் ஒன்றாகவே யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

உங்கள் நண்பன் சொன்னதும் சரிதான். பெரும்பாலான இடங்களில் ஆண்கள் பெண்களுக்குத் தருகிறார்கள். உங்கள் பகுதியில் பெண்கள் ஆண்களுக்குத் தருவது பழைய வழக்கம்.

கழற்றும் நாள் ஊருக்கு ஊர் வேறு. சிலர் 9ஆம் தேதியோடு எடுத்துவிடுவார்கள், சிலர் மாதம் முழுக்க வைத்திருப்பார்கள். பூத்த மரத்தைக் கண்டதும் அதன் கிளையில் கட்டிவிடுவதும் உண்டு. யாஷில் உங்கள் விடுதிப் பக்கம் செர்ரியோ பிளம்மோ இருக்குமே. ஒரே ஒரு பூவைப் பார்த்துவிட்டுக் கட்டாதீர்கள், கிளை நிறையட்டும். எந்த மரம், என்றைக்குக் கட்டினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.