பாம் ஸ்பிரிங்ஸ் உல்லாச நகரமானது எப்படி?

கலிஃபோர்னியப் பாலைவனத்தில் உள்ள பாம் ஸ்பிரிங்ஸை ஹாலிவுட்தான் உருவாக்கியது என்பார்கள். அதன் வேர் இன்னும் ஆழமானது: கவீயா பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகக் குளித்துவந்த வெந்நீர் ஊற்று. உலர்ந்த காற்றை நாடி நோயாளிகள் வரத் தொடங்கிய அந்தச் சிற்றூரில் 1909இல் நெல்லி காஃப்மன் என்ற பெண்மணி 'டெசர்ட் இன்' விடுதியைத் தொடங்கினார். இந்த வரலாற்றில் முதல் மரியாதை அவருக்கே உரியது.

நட்சத்திரங்கள் பிறகுதான் வந்தார்கள். நடிகர்கள் சார்லஸ் ஃபாரெலும் ரால்ஃப் பெல்லமியும் டென்னிஸுக்காக 1934இல் 'ராக்கெட் கிளப்' தொடங்கினர். மலையேற்றும் கேபிள் கார் 1963இல் வந்தது.

என்னை மிகவும் நெகிழவைப்பது 'எல் மிராடர்'. 1920களின் இறுதியில் திறந்த அந்தச் சொகுசு ஹோட்டல் இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவமனையானது, மீண்டும் ஹோட்டலாகியது. இன்று அவ்விடத்தில் மறுபடியும் மருத்துவமனையே இயங்குகிறது. 1989இல் தீக்கிரையான அந்த ஹோட்டலின் கோபுரத்தை ஊர் பழையபடியே எழுப்பிக்கொண்டது.