வாசகர் கேள்விகள்: ஓடிப்போனவனும் ஒரு படிவமும்

போன இதழில் அமிதவ் கோஷின் முதல் நாவலைப் பற்றி இரண்டே வரி எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். மரக்கறி விலை, பிள்ளைகளின் சோதனை முடிவு, மாப்பிள்ளை பார்ப்பது பற்றிக் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம். அடுத்த மாதம் உங்கள் முறை.

கேள்வி: குவைத்திலிருந்து வந்த நண்பன் 'தி சர்க்கிள் ஆஃப் ரீசன்' நாவலைக் கொடுத்தான். தப்பி ஓடுகிறவனின் கதை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஐம்பது பக்கம் தாண்டிவிட்டேன், ஒருவனும் ஓடவில்லை. ஒரு வாத்தியார் கண்ணில் படுகிறவர்களின் மண்டையையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருக்கிறார். மேற்கொண்டு படிக்கலாமா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: படியுங்கள் தம்பி. அந்த மண்டை வாத்தியார் பலராமைப் பொறுத்துக்கொள்ளுங்கள், அவரில்லாமல் கதையே இல்லை.

ஒருவனும் ஓடவில்லை என்கிறீர்கள். லால்புகூர் எப்படிப்பட்ட ஊர் என்று இன்னொரு தடவை பாருங்கள். பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர் அது. முதல் பக்கம் தொடங்கும் முன்பே அவர்கள் ஓடி வந்து சேர்ந்துவிட்டார்கள். பிறகு 1971 போர் வருகிறது, இன்னொரு கூட்டம் எல்லையைத் தாண்டி வருகிறது. வந்தவர்களுக்கு நோய் வரக்கூடாது என்று பலராம் ஊர் முழுக்க கார்பாலிக் அமிலத்தைத் தெளிக்கிறார். லூயி பாஸ்டரின் வாழ்க்கை வரலாறுதான் அவருக்கு வேதப் புத்தகம். அந்த வெறியே ஊர்ப் பெரிய மனிதரோடு சண்டையாகி, பொலிஸில் போய் முடிகிறது. வீடு வெடித்துச் சிதறுகிறது. அவருடைய சகோதரரின் மகன் அலு, தறி நெய்யக் கற்ற ஒரு பையன், பயங்கரவாதி என்ற பெயரோடு ஓட ஆரம்பிக்கிறான். கல்கத்தா, அங்கிருந்து கேரளக் கரையில் உள்ள மாஹே, மாஹேயிலிருந்து 'மரியம்மா' என்ற படகில் வளைகுடா, கடைசியில் அல்ஜீரியப் பாலைவனத்தில் எல் ஊயத் என்ற ஊர்.

நாவல் வந்தது 1986இல். கோஷ் 1956இல் பிறந்தவர் என்பதால் முப்பது வயதுக்காரரின் புத்தகம் இது. அந்த வயதின் பலமும் உண்டு, அவசரமும் உண்டு. தெரிந்தது எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் போட்டுவிட வேண்டும் என்ற ஆசை. எனக்குப் பிடித்தது முதல் பகுதி, அதிலும் தறியைப் பற்றி வரும் இடங்கள். இரண்டாம் பகுதியில் ஆள் கூட்டம் அதிகம், யார் யாரென்று நான் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். மூன்றாவது மெதுவாக நகரும். அதில் யார் சாகிறார்கள் என்று சொல்லி உங்கள் வாசிப்பைக் கெடுக்க மாட்டேன்.

ஆனால் படகில் வரும் ஒரு கட்டத்துக்காகவாவது நீங்கள் அதுவரை போக வேண்டும். கார்த்தம்மா என்ற பெண்ணுக்கு நடுக்கடலில் பிரசவ வலி. அவளோ பிள்ளையைப் பெறமாட்டேன் என்கிறாள். போய்ச் சேரும் ஊரில் சரியான படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு பிறந்தால்தான் பிள்ளைக்கு எல்லாம் கிடைக்கும் என்று யாரோ அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். படிவம் வரட்டும், அப்புறம் பெறுகிறேன் என்று அடம்பிடிக்கிறாள்.

வங்காளத்தில் படிக்கிறவருக்கு இது வேடிக்கையான கற்பனை. பொகவந்தலாவையில் படிக்கிறவருக்கு? 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து, மலையகத் தோட்டங்களில் இருந்த நம் ஆட்களை வெளியே நிறுத்தியது. அடுத்த வருடமே இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது, அதற்கு ஒரு படிவம். எத்தனை லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், விளக்கு வெளிச்சத்தில் யாரோ ஒரு படித்த பையனைப் பிடித்து அதை நிரப்பியிருப்பார்கள்! விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்த பதில், இல்லை என்பதுதான். பிறந்த தேதிக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். என் பாட்டி கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது வலியெடுத்துப் பிறந்தவர் என் அப்பா. அவருக்குத் தெரிந்த ஆதாரம், தோட்டத்தில் அந்த மலைக்குக் கொடுத்திருந்த நம்பர்தான். நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி தீர்ந்தது 2003இல். கார்த்தம்மாவைப் பார்த்து நானும் சிரித்தேன். சிரித்த பிறகு அவள் செய்வதில் என்ன தப்பு என்றும் தோன்றியது.

இந்த நாவலை நம் மலையகத்து ஆட்கள் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இந்தச் சிரிப்புத்தான். நாம் ஓட்டத்தை எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே மழை பிடித்துக்கொள்கிறது. இரண்டாம் பக்கத்தில் கிழவி ஒருத்தி வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறாள். கோஷின் ஆட்கள் ஓடும்போதும் வாதாடுகிறார்கள், கடை போடுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், ஒருவரையொருவர் ஏமாற்றப் பார்க்கிறார்கள். துன்பம் குறையவே இல்லை. ஆனால் அவர்கள் துன்பப்படுவதை மட்டுமே தொழிலாக வைத்துக்கொண்டிருக்கவில்லை.

கேள்வி: அலுவைத் துரத்தும் பொலிஸ் அதிகாரி ஜோதி தாஸ் எந்த ஊருக்குப் போனாலும் பறவை பார்க்கிறார். இப்படி ஒரு பொலிஸ்காரர் இருப்பாரா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: ஏன் இருக்கக்கூடாது? ஹோட்டன் சமவெளிக்கு விடிகாலையில் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று யார் கண்டது.

எனக்கு அந்த ஆளைப் பிடிக்கும். மேலதிகாரி சொன்னதால்தான் துரத்துகிறார். துரத்தித் துரத்தி அவரும் ஊர் ஊராக அலைகிறார். கடைசியில் யார் ஓடுகிறவர், யார் பிடிக்க வந்தவர் என்ற வித்தியாசமே தேய்ந்துவிடுகிறது. நெசவாளிப் பையனை ஆபத்தான ஆளாக மாற்றியது கோப்பில் இருந்த எழுத்துதான். கொழும்பில் கடைகளில் வேலை செய்த நம் பையன்கள், தோட்ட விலாசம் உள்ள அடையாள அட்டையைச் சோதனைச் சாவடியில் நீட்டிவிட்டு மணிக்கணக்கில் நின்ற காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு கதை சொல்கிறேன். நம் ஆட்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், எழுபதுகளில் என் அத்தை குடும்பம் இந்தியா போனது. மாமா கவ்வாத்து வெட்டுவதில், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்து விடுவதில், பேர் போனவர். தன் கவ்வாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றிக் கொண்டு போயிருக்கிறார். தலைமன்னாரில் ஓர் அதிகாரி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது ஆயுதம், இதை ஏன் கொண்டு போகிறாய் என்று அதட்டியிருக்கிறார். மாமாவுக்குச் சிங்களமும் அரைகுறை, ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. என்ன செய்வார்? கத்தியை வாங்கி, அந்த இடத்திலேயே குனிந்து, இல்லாத தேயிலைச் செடி ஒன்றை வளைத்து வளைத்துக் கவ்வாத்து வெட்டிக் காட்டினாராம். ஒரு செடி முடிந்ததும் அடுத்த செடிக்கு நகர்ந்தாராம். வரிசையில் நின்றவர்கள் சிரிக்க, அதிகாரியும் சிரித்துக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அத்தை கோத்தகிரியிலிருந்து எழுதிய முதல் கடிதத்தில் பாதி இந்தக் கதைதான். போன இடத்தில் பட்ட பாடெல்லாம் மீதிப் பாதிக்குள் அடங்கிவிட்டது.

கேள்வி: கதாநாயகனுக்கு ஏன் உருளைக்கிழங்கு என்று பெயர்?
– விவசாயி, நுவரெலியா

பதில்: 'அலு' என்றால் வங்காள மொழியில் உருளைக்கிழங்கு. தலை அப்படி இருந்ததால் ஊரார் வைத்த பட்டப்பெயர். சொந்தப் பெயர் நசிகேத போஸ். உங்கள் பயிருக்கு அவமானம் ஒன்றுமில்லை, புத்தகத்திலேயே நல்ல பையன் அவன்தான்.

கேள்வி: நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுவதும் அம்மா வளைகுடாவில் வீட்டு வேலை செய்தார். இந்த நாவலில் வரும் வளைகுடா உண்மையானதா? அம்மாவுக்குப் படித்துச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.
– வாசகி, மஸ்கெலியா

பதில்: கதையில் வரும் அல்-கஸீரா என்ற ஊர் கோஷ் கற்பனையில் கட்டியது. ஆனால் அவர் ஒக்ஸ்போர்டில் மானிடவியல் படித்தவர், அரபு கற்றவர், எண்பதுகளின் தொடக்கத்தில் எகிப்தியக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தவர். சிறு வயதில் கொழும்பிலும் கொஞ்சக் காலம் இருந்திருக்கிறார். எண்ணெய்ப் பணம் கொட்டத் தொடங்கிய அந்த வருடங்களில்தான் இங்கிருந்தும் பெண்கள் வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். 1977க்குப் பிறகு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் அந்த வழி அகலமானது.

நாவலில் சிந்தி என்ற எகிப்தியப் பெண் வருகிறாள். பருத்த உடம்பு, பெரிய வாய். கடல் கடந்து வந்தவர்களுக்குத் தன் வீட்டில் இடம் கொடுப்பாள், வேலை பிடித்துக் கொடுப்பாள், அதில் தன் பங்கையும் எடுத்துக்கொள்வாள். நல்லவளா கெட்டவளா என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். உங்கள் அம்மாவுக்கு இப்படி ஒருத்தியைத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். அங்கே ஒரு பெரிய கட்டடம் இடிந்து அலு உள்ளே மாட்டிக்கொள்கிறான். இரண்டு இரும்புத் தையல் மெஷின்கள் மேலே விழுந்த பாரத்தைத் தாங்கி அவனைக் காப்பாற்றுகின்றன. வெளியே வந்தவன், பணம்தான் எல்லா அழுக்கையும் பரப்பும் கிருமி என்று பேச ஆரம்பிக்கிறான். கேட்டவர்கள் சம்பளத்தையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் கணக்கு வைக்கிறார்கள். அது எப்படி முடிகிறது என்பதைப் புத்தகத்திலேயே பாருங்கள்.

ஒரு குறையைச் சொல்ல வேண்டும். அடுத்தவர் வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்ட பணிப்பெண்ணின் நாள் எப்படிப் போகும் என்பது இந்த நாவலில் அதிகம் இல்லை. வெளியே, சந்தியில், கூட்டமாக இருக்கிறவர்களின் வளைகுடாதான் இது. உங்கள் அம்மா, "இது ஆம்பிளைங்க பார்த்த ஊர்" என்று சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம். அவர் பார்த்த ஊரைச் சொல்லச் சொல்லி, நீங்கள் எழுதி வையுங்கள்.

கேள்வி: இந்த நாவல் ஏதாவது பரிசு வாங்கியதா? பரிசு வாங்காத புத்தகத்தை நான் படிப்பதில்லை.
– வாசகர், கண்டி

பதில்: பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கு 1990இல் பிரான்ஸின் மெடிசி பரிசு கிடைத்தது. கோஷுக்கு 2018ஆம் ஆண்டுக்கான ஞானபீடமும் கிடைத்தது, ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. இனி நிம்மதியாகப் படிக்கலாம்.

கேள்வி: என் தாத்தாவின் தம்பி குடும்பம் ஒப்பந்தத்தில் இந்தியா போய்விட்டது. அதை வைத்து முதல் நாவல் எழுத ஆசை. ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது எல்லோரும் அழுவதிலிருந்து தொடங்கலாமா?
– பட்டதாரி மாணவர், டிக்கோயா

பதில்: வேண்டாம். அந்த ரயிலை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் போங்கள். பாஸ்போர்ட் வந்துவிட்டது, வீட்டில் சண்டை. பசுவை யாருக்கு விற்பது, சேமலாபப் பணம் வந்து சேர்ந்ததா இல்லையா, அம்மிக்கல்லைக் கொண்டு போவதா, கல்யாணம் பேசி வைத்த பெண்ணை என்ன செய்வது. பேர் பதிந்தது அண்ணனா தம்பியா, ஏன் ஒருவர் இந்தியாவுக்கும் மற்றவர் இலங்கைக்கும் எழுதிக் கொடுத்தார்கள்? உங்கள் குடும்பத்தில் இதற்குக் கட்டாயம் ஒரு காரணம் இருக்கும், அனேகமாக அது வெட்கப்பட வைக்கும் காரணமாக இருக்கும். அங்கேதான் நாவல் இருக்கிறது.

வரலாற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கதையில் கொட்டாதீர்கள். ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே. மிச்சம் இருந்த ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் ஆவதற்குள் 1964 டிசம்பர் புயல், தலைமன்னார்க் கப்பல் போய்ச் சேரும் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. அதனால் போனவர்கள் இறங்கியது இராமேஸ்வரத்தில். இராமானுஜம் கப்பலின் பெயரை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். அங்கிருந்து மண்டபம் முகாம். பாட்டன் காலத்தில் இங்கே வேலைக்கு வந்தவர்களை நோய் இருக்கிறதா என்று நிறுத்திச் சோதித்ததும் அதே மண்டபத்தில்தான். அப்புறம் 1968இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் ஆரம்பித்த தேயிலைத் தோட்டங்கள். கவ்வாத்து தெரிந்தவர்களுக்கு அங்கே மறுபடியும் அதே மலை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் அதே பெரட்டு. புதிதாகக் கிடைத்தது 'சிலோன்காரன்' என்ற பெயர்தான்.

உங்கள் சின்னத் தாத்தாவின் பிள்ளைகள் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருப்பார்கள். வாட்ஸ்அப்பில் பேசுங்கள். கஷ்டமாக இருந்ததா என்று கேட்காதீர்கள், ஆமாம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பெட்டியில் என்ன இருந்தது, எதை எவ்வளவுக்கு விற்றீர்கள், முகாமில் முதல் நாள் என்ன சமைத்தீர்கள், பக்கத்துக் குடும்பத்தோடு எதற்குச் சண்டை என்று கேளுங்கள். பொய்யும் சொல்வார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். கையெழுத்தாக இருந்தாலும் சரி, தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். ரயில் நிலையம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.