வெளிச்சுவருக்கு செங்கல்லா, பெயிண்டா? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்ததுல பாதிக்கு மேல வெளிச்சுவர் பத்தின கேள்விதாங்க. தை பொறந்து வேலை ஆரம்பிச்சவங்க எல்லாம் இப்போ லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலுக்கு மேல வர்ற உத்தரம்) தாண்டி எலிவேஷன், அதாவது முகப்பு பத்தி பேச ஆரம்பிச்சிருப்பாங்க போல. ஒரே மாதிரி இருந்த கேள்விகளை சேர்த்துட்டேன்.

கேள்வி: சேலம் அழகாபுரத்துல 30க்கு 40 அடி சைட்டுல மேற்கு பார்த்த வீடு கட்டுறோம். வீட்டுக்காரருக்கு முன்பக்கம் முழுக்க பூசாம செங்கல் தெரியுற மாதிரி விடணும்னு ஆசை. மாமியாரோ "பூசாத வீடுன்னா காசு இல்லாம பாதியில நிறுத்திட்டாங்கன்னு ஊரு பேசும், சந்தன கலர் அடிங்க"ன்னு ஒரே பிடியா இருக்காங்க. நாட்டுக்கல், சேம்பர் கல், வயர்கட் கல்னு மூணு சொல்றாங்க. எதை வாங்குறது? மழை உள்ளே இறங்குமா?

பதில்: மாமியார் சொல்றதை சிரிச்சு ஒதுக்காதீங்கம்மா, அவங்க பார்த்த காலத்துல பூசாம விட்ட வீடுன்னா அப்படித்தான் அர்த்தம். ஆனா இன்னைக்கு கணக்கு தலைகீழ், பூசாம ஒழுங்கா கட்டுறதுக்குத்தான் கூலி ஜாஸ்தி. பூச்சு இருந்தா கொத்தனார் கோணலை மறைச்சிடலாம், இல்லைன்னா ஒவ்வொரு கல்லும் வெளிய நிக்குது, அதனால ஒரு நாளைக்கு ஓடுற வேலை குறைஞ்சிடும், மேஸ்திரி சதுர அடிக்கு தனி ரேட் கேப்பாரு, அது நியாயம்தான்.

மொதல்ல கல்லு. நாட்டுக்கல் கையால அச்சுல போட்டு அடுக்கி சூளையில சுட்டது, நடுவுல இருக்கிறது நல்லா வெந்திருக்கும், ஓரத்துல இருக்கிறது வேகாம வெளிறிப்போயிருக்கும், அளவும் கல்லுக்கு கல் மாறும். பூசுற சுவருக்கு போதும், முகம் காட்டுற சுவருக்கு வேணாம். சேம்பர் கல்லு அறை அறையா இருக்கிற சூளையில சுடுறதால சூடு பரவலா போயி நிறமும் அளவும் ஓரளவு ஒண்ணா வரும். வயர்கட்டுங்கிறது மிஷின்ல களிமண்ணை அழுத்தி நீளமா தள்ளி கம்பியால அறுக்கிறது, ஓரம் கத்தி மாதிரி இருக்கும், கெட்டியா இருக்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி. முன்பக்கம் மட்டும்னா என் ஓட்டு வயர்கட்டுக்கு, பட்ஜெட் இடிச்சா நல்ல சேம்பர் கல்லை பொறுக்கி எடுத்துக்கலாம்.

எந்த கல்லா இருந்தாலும் லோடு இறக்குறதுக்கு முன்னாடி நாலஞ்சு கல்லை வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுங்க. ரெண்டை எடுத்து தட்டினா கணீர்னு கேக்கணும், நகத்தால கீறினா கோடு விழக்கூடாது. அப்புறம் நல்லா காஞ்ச கல்லை எடை போட்டு 24 மணி நேரம் தண்ணியில முக்கி வெச்சு திரும்ப எடை போடுங்க. 3 கிலோ கல்லு 3.6 கிலோ ஆனா 20 சதவீதம் குடிச்சிருக்குன்னு அர்த்தம், ஐ.எஸ். 1077 தரக்குறிப்புல சாதாரண கல்லுக்கு அதுதான் மேல் எல்லை, கல்லோட பலத்தை வெச்சு பிரிக்கிற கிளாஸ் 12.5க்கு மேல போனா எல்லை 15. பூசாம விடுற சுவருக்கு நான் 15ஐ தாண்ட விடமாட்டேன். வேகாத கல்லு இருக்கே, டீயில நனைச்ச பொறை மாதிரி தண்ணியை இழுத்துக்கும், அது உங்க ஹால் சுவர்ல ஈரமா வந்து நிக்கும்.

இன்னொரு சோதனையும் பண்ணுங்க, ஒரு தட்டுல ஒரு இன்ச் தண்ணி ஊத்தி கல்லை நிக்க வெச்சு தண்ணி முழுசா வத்துற வரைக்கும் விடுங்க, வத்தினதும் இன்னொரு தடவை ஊத்தி காய விடுங்க. கல்லு மேல வெள்ளையா மாவு மாதிரி பூத்தா உப்பு இருக்கு. லேசா பூத்தா பரவாயில்லை, பாதி முகம் வெள்ளையானா அந்த சூளையை விட்டுடுங்க. உப்பு கல்லுலேர்ந்து மட்டும் வராது, கலவைக்கு ஊத்துற தண்ணியிலேர்ந்தும் வரும், நம்ம ஊர்ல போர் தண்ணி எப்படின்னு உங்க வீட்டு ஹீட்டர் காயிலை கேட்டாலே சொல்லும். முடிஞ்சா முன்பக்க சுவருக்கு மட்டுமாவது நல்ல தண்ணி லாரி வாங்குங்க. அப்படியும் பூத்தா உடனே தண்ணி ஊத்தி கழுவாதீங்க, கரைஞ்சு உள்ளே போயி திரும்ப வரும், காஞ்சதும் பிரஷ்ல தேச்சு தட்டி விடுங்க.

மழை இறங்குமான்னா, நல்ல கல்லு வழியா இறங்குறதை விட ஜாயிண்ட், அதாவது கல்லுக்கு நடுவுல இருக்கிற கலவை சந்து வழியாத்தான் இறங்கும். 3 இன்ச் உயர கல்லுக்கு அரை இன்ச்சுக்கும் கொஞ்சம் குறைவா சந்து விட்டா சுவர் முகத்துல கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு கலவைதான் தெரியும், அதனால அதை ஓட்டை இல்லாம நெரப்பணும், ஈரம் இருக்கும்போதே சுரண்டி விட்டு பாயிண்டிங் (சந்தை மேலாக்க கலவை வெச்சு மூடுறது) அழுத்தமா பண்ணணும், கல்லு மேல வழிஞ்ச சிமெண்ட் பாலை அன்னைக்கே துடைச்சிடணும், மறுநாள் ஆனா ஆசிட் தேடி ஓடணும், அந்த வேலையே வேணாம். கலவை நிறம் மாறினா மொத்த சுவரோட கலரே மாறிடுங்க, சாம்பல் சிமெண்டுக்கு செங்கல் கொஞ்சம் சோகமா தெரியும், அதே கல்லு வெளிர் சந்துல பளிச்னு எடுப்பா நிக்கும். ஒரு மீட்டர் சுவரை மாதிரிக்கு கட்டி பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

9 இன்ச் சுவருக்கு வேஸ்ட் சேர்த்து சதுர அடிக்கு சுமாரா 10 கல்லு ஆகும், முன்பக்கத்துக்கு வேணுங்கிறதை ஒரே தடவையில வாங்கிடுங்க. அடுத்த சூட்டுல வர்ற கல்லு வேற நிறம், ரெண்டாவது மாடியில கோடு போட்ட மாதிரி தெரியும். லோடு லோடா தனியா அடுக்காம கலந்து கலந்து எடுத்து கட்டச் சொல்லுங்க. 9 இன்ச் சுவர்ல ஒரு பக்கம்தான் முகம் சுத்தமா வரும்ங்கிறதையும் மனசுல வெச்சுக்கோங்க, உள்பக்கம் பூசித்தான் ஆகணும்.

மேற்கு பார்த்த முகம்ங்கிறதால சாயங்கால இடி மழை நேரா மோதும். சன்ஷேட் ரெண்டடி நீட்டுங்க, அதோட அடி ஓரத்துல தண்ணி சொட்டி விழ ஒரு காடி (நீள பள்ளக்கோடு) விடச் சொல்லுங்க, அது இல்லைன்னா தண்ணி திரும்பி சுவர்லயே வழியும். கல்லு மேல பளபளன்னு வார்னிஷ் அடிச்சு தர்றேன்னு யாராச்சும் வந்தா வேணாம்னு சொல்லிடுங்க, உள்ள இருக்கிற ஈரம் வெளிய போக வழியில்லாம ஓராண்டு ரெண்டாண்டுல தோல் உரிஞ்சு மஞ்சளாயிடும். சைலேன் சைலாக்ஸேன் வகை வாட்டர் ரிப்பெல்லண்ட்னு (தண்ணியை ஒட்ட விடாம தள்ளுற திரவம்) கேளுங்க, அது கல்லுக்குள்ள இறங்கிடும், மேல படலம் கட்டாது, சில வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப அடிக்கணும் அவ்வளவுதான்.

சண்டைக்கு வழி? மாடிப்படி சுவர், போர்ட்டிகோ தூண், பால்கனி கைப்பிடி சுவர் இது மட்டும் செங்கல், மீதி பூசி மாமியாரோட சந்தன கலர். சந்தனம் செங்கல்லுக்கு ரொம்ப நல்லா சேரும், நான் சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கிரில்லுக்கு அடர் பிரவுன், அதோட நிறுத்திக்கோங்க, நாலாவது கலர் வந்தா கல்யாண மண்டபம் ஆயிடும்.

கேள்வி: ஏற்காட்டுல நாகலூர் பக்கம் சின்ன வீடு. வெள்ளை அடிச்சு ஒரு மழை தாண்டல, வடக்கு சுவர் பூரா பச்சையும் கருப்புமா ஆயிடுச்சு. என்ன கலர் அடிச்சா நிக்கும்? செங்கல் ஒட்டிடலாமா?

பதில்: அண்ணே, கலர் மேல பழி போடாதீங்க. சேலத்துல சுவரை கெடுக்கிறது வெயில், மேல உங்க ஊர்ல தண்ணி. 1500 மீட்டர் உசரம், மழை நின்னாலும் மூடுபனி சுவரை காய விடாது, அதுலயும் வடக்கு சுவர் பக்கத்துல சில்வர் ஓக் நிழல் இருந்தா கேக்கவே வேணாம், பாசிக்கு விருந்துதான். எந்த கம்பெனி டின் வாங்கினாலும் ஈரம் நிக்கிற சுவர்ல பாசி வரும், ஆன்ட்டி ஆல்கல் எமல்ஷன் (பாசி தடுப்பு பெயிண்ட்) அதை தள்ளிப்போடும், நிறுத்தாது.

அதனால முதல் செலவு கூரை ஓரத்துல. ஓடோ ஷீட்டோ சுவரை தாண்டி ரெண்டரை மூணு அடி வெளிய வரணும், பழைய எஸ்டேட் பங்களாக்களை பாருங்க, ஓரம் எவ்வளவு இறங்கியிருக்கும்னு. ரெண்டாவது, தரையிலேர்ந்து மூணடி வரைக்கும் மலைக்கல்லு கட்டுங்க இல்லைன்னா ஒட்டுங்க, தரையில விழுந்து தெறிக்கிற செம்மண் சேறு அங்கதான் அடிக்குது. சுவரை ஒட்டி வளர்ற மரக்கிளை, செடியை விலக்கி காத்து போக விடுங்க. இதெல்லாம் ஆனப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைச்சு பூசி கொஞ்ச நேரம் ஊற விட்டு, பிரஷ் போட்டு தேச்சு நல்ல தண்ணியில அலசி, நல்லா காய விட்டு பெயிண்ட் பண்ணுங்க. பாசி மேலயே அடிச்சா அது பெயிண்டோட சேர்ந்து உரிஞ்சு வரும். மாசி பங்குனியில வேலை வெச்சுக்கோங்க, ஐப்பசியில பெயிண்டர் ஃப்ரீயா இருக்காருன்னு கூப்பிடாதீங்க.

கலர்னு கேட்டா, மண்ணு கலர், காஞ்ச இலை பச்சை, வெளிர் காவி இந்த மாதிரி நடுத்தரமா எடுங்க, கொஞ்சம் பாசி வந்தாலும் கண்ணை உறுத்தாது. சாம்பல் மட்டும் வேணாம், மூடுபனியில உங்க வீடு எங்கன்னு விருந்தாளி தேடிட்டு திரிவாங்க. செங்கல் ஒட்டுறதை பத்தி, கீழேர்ந்து 20 ஹேர்பின் வளைவு ஏத்தி கொண்டுவர்ற கல்லுக்கு லாரி வாடகையும் உடைசலும் சேர்த்துப் பாருங்க, பக்கத்துலயே கருங்கல்லு கிடைக்கும்போது எதுக்கு? இருக்கிற பூச்சு மேல ஒட்டுற டைல் பின்னாடி தண்ணி போயிட்டா வெளிய வர வழியும் இல்லை.

கேள்வி: ஃப்ளை ஆஷ் கல்லை பூசாம விடலாமா? எங்க ஏரியாவுல எல்லாரும் அதுலதான் கட்டுறாங்க.

பதில்: மேட்டூர் அனல் மின் நிலையம் பக்கத்துல இருக்கிறதால நம்ம மாவட்டத்துல சாம்பல் கல்லு தாராளமா கிடைக்குது, அளவும் நேரா இருக்கும், சுவருக்கு நல்ல கல்லுதான். ஆனா நிறம் சாம்பல், ஒரு மழைக்கு கறை கறையா தெரியும். கூட்டாளிங்க ரெட் ஆக்சைடு அடிச்சு செங்கல் மாதிரி காட்டலாம்னு சொல்வாங்க, வேணாம். பூசிடுங்க. பூசுறதுக்கு முன்னாடி சுவரை நனைக்கிறதை மறக்காதீங்க, இல்லைன்னா பூச்சு தண்ணியை கல்லு இழுத்து விரிசல் விடும்.

கேள்வி: சூரமங்கலத்துல வீடு. என் பையன் பெங்களூர்ல எங்கயோ பார்த்துட்டு வந்து வீடு முழுக்க அடர் கிரே, ஏறக்குறைய கருப்பு கேக்குறான். அடிக்கலாமா?

பதில்: பெங்களூரு வெயிலும் சூரமங்கலம் வெயிலும் ஒண்ணாங்க? ஏப்ரல் மாசம் மத்தியானம் 40 டிகிரியை தொடுற ஊர்ல கருப்பு சுவர்னா ராத்திரி பத்து மணிக்கும் பெட்ரூம் சுவர்ல கை வைக்க முடியாது, கரண்ட் பில் தம்பி கட்டுவானா கேளுங்க. மேற்கு சுவர்தான் வருஷம் பூரா சாயங்கால வெயிலை வாங்கும், அதுக்கு கண்டிப்பா வெளிர் கலர். வடக்கு சுவர்ல வெயிலே படாதுன்னு நெனைக்கிறவங்களுக்கும் ஒண்ணு, ஏப்ரல் மூணாவது வாரத்துலேர்ந்து ஆகஸ்ட் மூணாவது வாரம் வரைக்கும் சேலத்துல உச்சிவெயில் நமக்கு வடக்கால இருந்துதான் வரும்.

சில ஷேடு கார்டுல எல்.ஆர்.வி.ன்னு 0லேர்ந்து 100 வரைக்கும் ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, வெளிச்சத்தை எவ்வளவு திருப்பி அனுப்பும்ங்கிற கணக்கு. வெயில் சுவருக்கு 60க்கு மேல எடுங்க. பையன் மனசும் கோணாம கிரேயை ஜன்னல் ஓரம், கேட், முன்பக்கம் நிழல்ல இருக்கிற ஒரு சுவர்னு குடுத்துடுங்க. அடர் சிவப்பு, வயலட், பளிச் மஞ்சள் இதுலயும் கவனம், பல ஷேடு வெயில்ல வெளுத்துடும். காவி, செம்மண் சாயல், ஓக்கர் மஞ்சள் எல்லாம் இரும்பு ஆக்சைடு, நிக்கும். கோயில் மதில்ல காவியும் வெள்ளையும் பட்டை அடிச்சு வருஷக்கணக்கா விட்டிருக்காங்களே, பாருங்க.

கேள்வி: பூச்சு முடிஞ்சு பத்து நாள் ஆச்சு, கிரகப்பிரவேசம் நெருங்குது. பெயிண்டர் பட்டி பார்த்துடலாம்ங்கிறார். ஷேடு கார்டுல பார்த்த கலர் சுவர்ல அப்படியே வருமா?

பதில்: பத்து நாள் பத்தாது. குறைஞ்சது 28 நாள் ஆகட்டும், புது சிமெண்ட் பூச்சுல காரம் (ஆல்கலி) இருக்கும், ஈரமும் இருக்கும், அது மேல அடிச்சா திட்டு திட்டா நிறம் மாறி கொப்புளம் வரும். விசேஷத்துக்கு வெளிய ஒரு கோட் வொயிட் சிமெண்ட் மட்டும் அடிச்சு ஒப்பேத்துங்க, வாழைமரமும் தோரணமும் கட்டினா யாரும் கவனிக்க மாட்டாங்க. வெளிச்சுவருக்கு வீட்டுக்குள்ள பயன்படுத்துற அக்ரிலிக் பட்டி வேணவே வேணாம், பட்டி பார்த்தே ஆகணும்னா வொயிட் சிமெண்ட் பட்டிதான், அப்புறம் எக்ஸ்டீரியர் பிரைமர் ஒண்ணு, எமல்ஷன் ரெண்டு கோட்.

கார்டு கலர் அப்படியே வராது. விரல் அகலத்துல பார்க்கிறது பத்தடி சுவர்ல இன்னும் அழுத்தமா தெரியும், அதனால மனசுக்கு பிடிச்சதை விட ஒரு படி வெளிர்ல எடுங்க. சின்ன டப்பா ரெண்டு மூணு ஷேடு வாங்கி மேற்கு சுவர்ல மூணடிக்கு மூணடி அடிச்சு, காலைல ஒரு தடவை, உச்சி வெயில்ல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னு பாருங்க. ரோட்டோர வீடா இருந்தா டெக்ஸ்சர் பெயிண்ட் வேணாம், சொரசொரப்புல புழுதி ஏறினா கழுவி முடியாது. எத்தனை லிட்டர் வேணும்னு கணக்கு போட்டு மெஷின்ல கலக்குற கலரை ஒரே தடவையா வாங்குங்க, டப்பா மூடியில ஒட்டியிருக்கிற ஷேடு நம்பரை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, ரெண்டு வருஷம் கழிச்சு டச்சப் பண்ணும்போது தேட வேண்டியதில்லை.