வெள்ளத்தில் நனைந்த நூலகப் புத்தகங்களை ஏன் உறைய வைக்கிறார்கள்?

1997 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து, சுமார் 5 லட்சம் புத்தகங்கள் நனைந்தன. அவற்றைக் காயப்போடவில்லை; முதலில் உறைய வைத்தார்கள். ஈரத் தாளில் இரண்டு மூன்று நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். வழவழப்பான தாள்கள் இன்னும் மோசம்: காயும்போது பசை தடவியதுபோல் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்கவே முடியாது. உறைய வைத்தால் இரண்டும் அப்படியே நின்றுவிடும்.

பிறகு வெற்றிட அறையில் வைத்தால் பனிக்கட்டி தண்ணீராகாமல் நேரே ஆவியாகிவிடும். இதுதான் உறை உலர்த்தல். டப்பாவில் கிடக்கும் கற்பூரம் உருகி ஓடாமல் தானாகவே சிறுத்துப்போகிறதே, அதே கதைதான்.

சரி, வீட்டு ஃப்ரீசரில் வைத்தாலே புத்தகம் காய்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கெடாமல் நிறுத்திவைக்கும், சீக்கிரத்தில் உலர்த்தித் தராது.